குல்தரா: பேய் பிடித்த ஊரா, விவசாயம் செத்த ஊரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் குல்தரா என்று தேடினால், நள்ளிரவில் டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் இளைஞர்களின் காணொளிகள்தான் வரிசையாக வந்து நிற்கின்றன. இந்தப் பக்கம் அந்த ஊரின் பகல் பொழுதைப் பற்றியது. அங்கே என்ன விளைந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் வரி கேட்டார்கள், மக்கள் ஏன் போனார்கள் என்பவைதான் இங்கே பேச்சு. பேய்க்கும் ஒரு கேள்வி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

குல்தரா எங்கே இருக்கிறது?

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், ஜெய்சல்மேர் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவில், தார் பாலைவனத்தில் இருக்கிறது. பாலைவனம் என்றதும் மணல் மேடுகளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அந்த மேடுகளைப் பார்க்க இன்னும் மேற்கே சாம் வரை போக வேண்டும். குல்தராவைச் சுற்றி இருப்பது பாறையும் சரளையும் புதர்க்காடும்தான். இந்த வேறுபாடு பின்னால் வரும் கதைக்கு மிக முக்கியம்.

அங்கே குடியிருந்தவர்கள் யார்? எப்போது வந்தார்கள்?

பாலிவால் பிராமணர்கள். ராஜஸ்தானின் பாலி என்ற ஊரிலிருந்து கிளம்பி வந்ததால் இந்தப் பெயர். 1899இல் லட்சுமி சந்த் எழுதிய ஜெய்சல்மேர் வரலாற்று நூல், கதான் என்ற பாலிவால் பிராமணர்தான் குல்தராவில் முதலில் குடியேறி, உதான்சர் என்ற குளத்தை வெட்டினார் என்கிறது. பாலைவனத்தில் ஊர் உண்டாக்க வந்தவரைப் பற்றி வரலாறு நினைவில் வைத்திருக்கும் முதல் காரியமே குளம் வெட்டியது!

பாலியிலிருந்து இவர்கள் வெளியேறியது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த ஒரு படையெடுப்பின்போது என்பது சமூகத்தில் வழங்கிவரும் மரபு. ஆனால் குல்தராவின் சுடுகாட்டில் நிற்கும் நினைவுக்கற்கள் இரண்டு, பாட்டிக் சம்வத் என்ற உள்ளூர் ஆண்டுக்கணக்கில் தேதியிட்டு, நம் கணக்கில் கி.பி. 1235லும் 1238லும் இறந்துபோன இருவரைக் குறிப்பிடுகின்றன. ஆகவே இடப்பெயர்வு ஒரே அலையாக நடக்கவில்லை, மரபு சொல்லும் காலத்துக்கு முன்பே இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். இந்த ஊர் காலியான கதையிலும் இதே சிக்கல் காத்திருக்கிறது. பல பத்தாண்டுகளாக நடந்ததை ஒரே நாளில் அடைத்துவிடுவது மக்கள் நினைவின் பழக்கம்.

ஊர் எவ்வளவு பெரியது?

கிராமம் என்று சொல்லப்பட்டாலும் அமைப்பு நகரத்துக்குரியது. சுமார் 861 மீட்டர் நீளம், 261 மீட்டர் அகலம். வடக்கு தெற்காக மூன்று நேர் வீதிகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் சந்துகள், நடுவில் அம்மன் கோயில். 410 கட்டடங்களின் இடிபாடுகள் எண்ணப்பட்டிருக்கின்றன. கிழக்கே காக்னி ஆற்றின் வறண்ட படுகையே எல்லை. மேற்கே வீடுகளின் பின்சுவர்களே வரிசையாகச் சேர்ந்து மதில் வேலையைச் செய்திருக்கின்றன. மஞ்சள் மணற்கல் சுவர்கள் பல இன்றும் நெஞ்சளவு, ஆளளவு உயரத்துக்கு நிற்கின்றன. கூரைகள்தான் இல்லை.

வரலாற்றாசிரியர் எஸ்.ஏ.என். ரெஸாவி, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கே சுமார் 1,588 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிட்டார். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

மழையே இல்லாத இடத்தில் கோதுமை எப்படி விளைந்தது?

இந்தப் பக்கத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் இதைத்தான் யாரும் அதிகம் கேட்பதில்லை.

ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு 200 மி.மீ. மழை பெய்தாலே நல்ல ஆண்டு. சென்னையில் பெய்வது சுமார் 1,400 மி.மீ. அந்த 200 மில்லிமீட்டரும் சில நாட்களில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இவ்வளவு மழையை வைத்துக்கொண்டு கம்பு விதைக்கலாம். கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்க நினைப்பது துணிச்சல்.

பாலிவால்கள் கண்ட வழியின் பெயர் கடீன். 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் உருவாக்கியது என்று சொல்லப்படுகிறது. பாறைச் சரிவில் விழும் மழை உள்ளே இறங்காது, ஓடிவிடும். மற்ற விவசாயிகள் பாறையைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். இவர்கள் அந்த ஓட்டத்தையே பயிராக்கினார்கள். சரிவு முடிந்து வண்டல் தங்கும் தாழ்வான இடத்தின் கீழ்விளிம்பில் ஒரு மண்கரை. வழக்கமான கடீனில் கரையின் நீளம் 100 முதல் 300 மீட்டர் இருக்கும். மேலே உள்ள பாறைப் பரப்பில் விழும் மழை மொத்தமும் இறங்கிவந்து கரையில் முட்டி நிற்கும். ஒரு ஏக்கர் விளைநிலத்துக்கு மேலே 11 முதல் 15 ஏக்கர் வரை நீர்ப்பிடிப்பு இருக்கும்படி இடம் பார்ப்பார்கள். பத்து ஏக்கருக்கு மேல் பெய்த மழையை ஒரே ஏக்கரில் குடியேற்றிவிட்டால், அந்த ஏக்கரைப் பொறுத்தவரை அது பாலைவனமே இல்லை.

ஏரிதானே இது என்று தோன்றும். நம் ஏரியில் கரைக்கு வெளியே, மதகுக்குக் கீழே ஆயக்கட்டு. தண்ணீர் உள்ளே, வயல் வெளியே. கடீனில் ஏரியின் உள்வாயே வயல். நம் ஊரில் ஏரிக்குள் பயிர் வைத்தால் தாசில்தார் வருவார். அங்கே பயிர் வைப்பதற்காகத்தான் ஏரியே கட்டுகிறார்கள்.

ஆடி, ஆவணியில் தேங்கும் நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அதிகமாக வந்தால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த கடீனுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் நீர் வற்றி, சேறு உழும் பதத்துக்கு வரும். அப்போதும் கொஞ்சம் தங்கியிருந்தால் கரையின் அடியில் உள்ள மதகைத் திறந்து வடித்துவிடுவார்கள். பிறகு விதைப்பு. அதற்கப்புறம் ஒரு சொட்டுப் பாசனம் கிடையாது. மண்ணில் தேங்கிய ஈரமும் குளிர்காலத்துப் பனியும் போதும், பங்குனியில் கோதுமை அறுவடைக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் நீரோடு வண்டலும் வந்து படிவதால் எருவுக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை. மழை குறைந்து நீர் தேங்காத ஆண்டில், அந்த ஈரத்தில் கம்பும் கொத்தவரையும் பாசிப்பயறும் போட்டுவிடுவார்கள். முழுப் பட்டினி வராது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வறண்ட நிலத்தில் பாசனம் செய்கிறவர்களைக் கடைசியில் கவிழ்ப்பது பெரும்பாலும் உப்பு. நீர் ஆவியாகப் போகும், உப்பு மேலே தங்கும், சில தலைமுறைகளில் நிலம் வெளுத்துவிடும். கடீனில் தேங்கும் நீர் உப்பைக் கரைத்து, கரைக்கு அடியில் கசிந்தும் மதகு வழியே வடிந்தும் வெளியே கொண்டுபோய்விடுகிறது. கரைக்குக் கீழ்ப்புறம் கிணறு வெட்டுவதும் இந்தக் கசிவுக்காகத்தான். வயலுக்குச் செலவான நீரே திரும்பக் குடிநீராகக் கிணற்றில் ஊறும்.

குல்தராவுக்கு வடக்கே இருந்த கடீன் சாதாரண அளவு அல்ல. ஏறத்தாழ 2.5 கி.மீ. நீளம், 2 கி.மீ. அகலம். ஊரின் செல்வம் அங்கேதான் இருந்தது. சுற்றுலாப் பயணிகள் இடிந்த வீடுகளைப் படமெடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டி ஏறுகிறார்கள்.

வேறு நீர் ஆதாரங்கள்?

காக்னி ஆறு, கிணறுகள், ஒரு படிக்கிணறு. படிக்கிணற்றைக் கட்டியவர் தேஜ்பால் என்ற பிராமணர் என்று அங்குள்ள தூண் கல்வெட்டு சொல்கிறது.

பிராமணர்கள் ஏர் பிடித்தார்களா? வியாபாரம் செய்தார்களா?

இரண்டும் உண்டு, வட்டிக்குக் கொடுத்து வாங்குவதும் உண்டு. 1818 முதல் மேற்கு ராஜபுதனத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசியல் முகவராக இருந்த ஜேம்ஸ் டாட், ஜெய்சல்மேரின் வருவாய் முறையை விவரிக்கும்போது ஒரு செய்தி தருகிறார். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை அரசுக்கு, தானியமாகவே. களத்திலேயே அந்தத் தானியத்தை பாலிவால்களோ பனியா வணிகர்களோ விலைக்கு வாங்கிக்கொண்டு, பணத்தைக் கஜானாவுக்குக் கட்டிவிடுவார்கள்.

அதாவது வரி செலுத்துபவரும் அவரே, அரசின் பங்கை வாங்கிக் காசாக்கிக் கொடுப்பவரும் அவரே. ஊரில் ரொக்கம் யார் வீட்டில் இருக்கிறது என்பது அரண்மனைக்கு நன்றாகத் தெரியும். நல்ல அமைச்சர் இருக்கும்வரை இது பெருமை.

என்ன சாமி கும்பிட்டார்கள்?

வைணவர்கள். மகிஷாசுரமர்த்தினிக்கும் கோயில் உண்டு. கல்வெட்டுகள் விநாயகர் வணக்கத்தோடு தொடங்குகின்றன. காளையையும், குதிரை ஏறிய ஒரு காவல் தெய்வத்தையும் வழிபட்டிருக்கிறார்கள். இவர்கள் குதிரையின் கடிவாளத்தைப் பூசிப்பதைக் கேள்விப்பட்ட டாட், இவர்கள் மத்திய ஆசியாவிலிருந்து வந்த பழங்குடிப் பூசாரிகளின் மிச்சமோ என்று ஒரு கற்பனைக் கோட்டையே கட்டினார். அதை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே இரவில் 84 கிராமங்கள் காலியான கதை உண்மையா?

முதலில் கதை. ஜெய்சல்மேர் திவான் சலீம் சிங் குல்தராத் தலைவரின் மகள் மேல் ஆசை வைத்தான். பெண்ணைக் கொடு, இல்லையென்றால் தாங்க முடியாத வரி போடுவேன் என்று கெடு வைத்தான். 84 ஊர்ப் பாலிவால்களும் கூடிப் பேசி, மானம் பெரிதென்று, ஒரே இரவில் வீடுவாசலை விட்டுப் போனார்கள். போகும்போது இனி இங்கே யாரும் குடியிருக்கக் கூடாதென்று சாபமிட்டார்கள். பரவலாகச் சொல்லப்படும் ஆண்டு 1825.

கதை கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

சலீம் சிங் 1824லேயே இறந்துவிட்டான். வில்லன் செத்த மறு ஆண்டில் அவனுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுவானேன்? ஆண்டைக் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொள்ளலாம் என்றால், மக்கள்தொகை இடம் கொடுக்கவில்லை. 1,588 பேர் இருந்திருக்கக்கூடிய ஊரில், டாட் தரும் 1815ஆம் ஆண்டுக் கணக்குப்படி எஞ்சியிருந்தவை 200 வீடுகள், ஏறத்தாழ 800 பேர். கதை சொல்லும் அந்த இரவுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஊர் பாதியாகிவிட்டது. மறுபக்கம், 1890வாக்கில்கூட அங்கே 37 பேர் இருந்ததாக லட்சுமி சந்த் பதிவு செய்திருக்கிறார். சாபத்துக்குப் பிறகும் அறுபத்தைந்து ஆண்டுகள் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

சலீம் சிங்கை டாட்டுக்கு அறவே பிடிக்காது. அவனுடைய கொலைகளையும் கொள்ளைகளையும் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். பாலிவால்கள் வெளியேறியதையும் எழுதுகிறார். ஏறத்தாழ 5,000 குடும்பங்கள் தாமாகவே நாட்டை விட்டுப் போய்விட்டன என்கிறார். காரணமாக அவர் சொல்வது பேராசை பிடித்த வசூல். பெண் கதை அவரிடம் இல்லை. இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார்.

ஏதாவது ஓர் ஊரில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு விடியலுக்கு முன் வண்டி கட்டிப் புறப்பட்டிருக்கலாம். அதை மறுக்கக் காரணமில்லை. கால்நடையும் தானியமும் குழந்தைகளும் முதியவர்களுமாக 84 ஊர்களும் ஒரே இரவில், ஒற்றனுக்குக்கூடத் தெரியாமல் மறைந்தன என்பது நடக்கிற காரியமா என்று, ஒரு கல்யாணத்துக்கு ஒரே குடும்பத்தைக் கிளப்பிப் பார்த்தவர்களே சொல்லட்டும்.

சலீம் சிங் உண்மையில் யார்?

ஜெய்சல்மேரின் திவான். அவனுடைய தந்தை சொரூப் சிங்கும் திவானாக இருந்தவர். இளவரசர் ராய் சிங் அவரை அரசவையிலேயே வெட்டிக் கொன்றபோது சலீம் சிங்குக்கு 11 வயது. வளர்ந்து அதே பதவிக்கு வந்தபின் அரச குடும்பத்தின் மீது அவன் தீர்த்துக்கொண்ட பழி நீளமானது. 1762 முதல் ஆண்ட இரண்டாம் மூல்ராஜ் பெயரளவுக்கு அரசர், அதிகாரம் திவானிடம்.

1818 டிசம்பரில் ஜெய்சல்மேர் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. கம்பெனியின் பாதுகாப்பு அரசருக்குக் கிடைத்தது. அவரைக் கைக்குள் வைத்திருந்த அமைச்சனுக்கும் சேர்த்தே கிடைத்தது. வெளிப்பகை பயம் போனதும் உள்ளே தட்டிக்கேட்க ஆளில்லாமல் போயிற்று. இந்தக் கதையில் பெண்ணைவிட இந்தக் காகிதத்துக்குப் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

ஜெய்சல்மேரில் மயில் உருவங்கள் தாங்கும் மாடங்களோடு நிற்கும் சலீம் சிங் ஹவேலி என்ற மாளிகை அவனுடையதுதான்.

அப்படி என்ன வரி போட்டார்கள்?

நிலவரியை மட்டும் பார்த்தால் கொடுமை என்று சொல்ல முடியாது. அது மேலே சொன்ன ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று. அதற்கு மேல் துவான் என்ற புகைவரி உண்டு, அடுப்புக்கு இவ்வளவு என்று. சாப்பிடும் தட்டின் பெயரால் அதைத் தாலி வரி என்றும் சொல்வார்கள். இவையெல்லாம்கூட ஆண்டுக்கு ஆண்டு தெரிந்த தொகை. ஆளைக் கொன்றது தண்ட் என்ற கட்டாய வசூல். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. பணம் இருக்கிறது என்று தெரிந்தால் வரும். கடீன் வைத்திருப்பவன் ஒரு வறண்ட ஆண்டைத் தாங்க முந்தைய நல்ல ஆண்டின் தானியத்தைச் சேமித்து வைத்தே ஆக வேண்டும். அந்தச் சேமிப்பைப் பார்த்துத் தண்ட் கேட்டால், அடுத்த பஞ்சத்துக்கு அவன் என்ன செய்வான்?

தண்ணீர் வற்றியதும் காரணம் என்கிறார்களே?

ஆம், ரெஸாவியின் ஆய்வு அதைத்தான் முன்வைக்கிறது. 1815லேயே கிணறுகளில் பெரும்பாலானவை வற்றிவிட்டன. 1850இல் படிக்கிணறும் இரண்டு ஆழ்கிணறுகளும் மட்டுமே மிச்சம். விளைச்சல் குறைந்தது, வசூல் குறையவில்லை.

பயிர் நம்பியிருந்தது மழையை. மாடும் மனிதரும் நம்பியிருந்தது கிணற்றை. ஆகவே கடீனில் ஈரம் இருந்த ஆண்டிலும் கோடையில் குடிக்க நீர் இல்லை என்ற நிலை வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தண்ணீர் குறைந்த ஊரில் நல்ல அரசு இருந்திருந்தால் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கொடுத்திருக்கும். இங்கே இருந்த காசையும் பிடுங்கியது. அந்தக் காலத்தில் பம்பாய்த் துறைமுகம் எழுந்து, சிந்து வழி ஒட்டக வணிகமும் மெலிந்துகொண்டிருந்தது. வியாபாரத்திலும் கால் ஊன்றியிருந்தவர்களுக்கு இங்கேயே கிடக்க ஒவ்வொரு காரணமாகக் கழன்றுகொண்டது.

நிலநடுக்கம் என்று ஒரு செய்தி வந்ததே?

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. இடிந்து விழுந்த கூரைகள், சரிந்த தூண்கள், உத்தரக்கற்கள் ஆகியவற்றை அது சான்றாகக் காட்டியது. ஜெய்சல்மேர்ப் பகுதியில் நிலப்பிளவுகள் இருப்பதும் உண்மை. ஆனால் ஆளில்லாத வீட்டின் கூரை நிலநடுக்கம் இல்லாமலும் விழும். மேலும், இந்த விளக்கம் குல்தராவின் சுவர்களுக்குப் பொருந்தலாம். வேறு வேறு ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல ஆண்டுகளாக வெளியேறியதற்குப் பொருந்தவில்லை.

சாபமும் பேயும்?

சாபம் நிஜமானால் 84 ஊர்களிலும் பலித்திருக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் இன்று மக்கள் குடியிருக்கிறார்கள்.

பாலிவால்கள் இப்போது எங்கே?

ராஜஸ்தானின் மற்ற பகுதிகளிலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பரவியிருக்கிறார்கள். எல்லோரும் போய்விடவும் இல்லை, ஜெய்சல்மேர் மாவட்டத்திலேயே தங்கியவர்களும் உண்டு. இவர்களிடம் ரக்ஷா பந்தன் கொண்டாடும் வழக்கமில்லை, அன்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கிறார்கள். குல்தராவுக்காகத்தான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்தத் துக்கம் அதற்கும் முந்தியது, மேலே சொன்ன படையெடுப்பில் பாலியில் அந்த நாளில் மாண்டவர்களுக்காக என்பதே சமூக மரபு.

கடீன் முறை இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. ஜெய்சல்மேர் மாவட்டத்தில் பல கடீன்களில் இன்றும் கோதுமையும் கடலையும் விளைகின்றன. கட்டியவர்கள் போனாலும் கரை போகவில்லை, வேறு கைகளுக்கு மாறியது. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை ஆராய்ந்து, புதிய கடீன்கள் அமைக்கவும் வழிகாட்டியிருக்கிறது.

பக்கத்திலேயே ஒப்பிட ஒரு பாடம் இருக்கிறது. 1958இல் வேலை தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் இமயமலை நீரைத் தாருக்குள் கொண்டுவந்து பெரும் பரப்பைப் பசுமையாக்கியது. ஆனால் அதன் பாசனப் பகுதிகள் சிலவற்றில் நீர் தேங்கி, நிலம் உப்பு பூத்தது. கால்வாய் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வடிகாலைப் பற்றி பாலிவால்களிடம் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

போய்ப் பார்ப்பது எப்படி?

ஜெய்சல்மேருக்கு ரயில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டி வரை வாராந்திர ரயில் இருக்கிறது. அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு மாறிக்கொள்ளலாம். குல்தராவுக்கு ஜெய்சல்மேரிலிருந்து டாக்சி பேசிக்கொள்ள வேண்டும். சிறு நுழைவுக் கட்டணம் உண்டு, மாலையில் கதவை மூடிவிடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சுற்றுலாவுக்காகப் புதிதாகக் கட்டி எழுப்பிய வீட்டைப் பழையதென்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உள்ள காபா கோட்டையிலிருந்து பார்த்தால், கைவிடப்பட்ட இன்னொரு பாலிவால் ஊரின் வீதியமைப்பு முழுதும் கண்ணுக்குக் கீழே விரியும். நேரம் குறைவென்றால் அதைப் பாருங்கள்.

கடீன் பார்க்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் நேராக சாமின் ஒட்டகச் சவாரிக்குத்தான் கொண்டுபோய் நிறுத்துவார். முந்தைய மழைக்காலம் நன்றாக இருந்திருந்தால், ஜனவரியில் கரையின் இந்தப் பக்கம் முள்ளும் சரளையும், அந்தப் பக்கம் முழங்கால் உயரக் கோதுமையுமாக இருக்கும்.